படித்துக் காட்டாத தாள்

ஆமைக்காரி படியேறி வந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று. கீழே டயர் கடை, மேலே இயற்கைச் சங்கத்தின் அலுவலகம், நடுவில் இரும்புப் படி. அதில் பூனை ஏறினாலே கேட்கும். ரப்பர் பூட்ஸும் முட்டிவரை ஆற்று மண்ணுமாக ஒருத்தி திடுதிடுவென்று ஏறினால் சுவரில் மாட்டிய நாட்காட்டியே ஆடும். வந்தவள் உட்காரவில்லை. மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொள்ளக்கூட இல்லை. கையில் கசக்கி வைத்திருந்த ஈரத்துணியை மேசைமேல் விட்டெறிந்தாள்.

"யாருது இது?"

மஞ்சள் துணி, ஓரத்தில் பச்சைத் தையல். கிழிந்துபோன மேசைவிரிப்பை நான்காக வெட்டி, ஓரம் அடித்து, அடுப்படியில் மாட்டியவளே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தரகரம்மாதான். இப்போது அது நடுவில் கறுத்துக் கிடந்தது. மண்ணின் கறுப்பு இல்லை. பென்சில் கரி.

"எங்க வீட்டுத் துணிதான். ஏன்டி?"

"ஏன்னா கேக்கறே? உன் வீட்டுக்காரர் பண்ணியிருக்கற வேலையை வந்து பாரு. இருநூத்தி மூணு முட்டை. ஒண்ணுலயாவது கோடு இருக்கணுமே! துடைச்சுப் பளபளன்னு, கடையில விக்கற சாமான் மாதிரி அஞ்சு பெட்டியிலயும் வரிசையா அடுக்கி வச்சிருக்காரு. எது மேல, எது கீழன்னு இப்ப நீ வந்து சொல்லு எனக்கு."

அதற்குமேல் தரகரம்மாவுக்கு விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருடமாக இந்தச் சங்கத்தில் இருப்பவள். கோழி முட்டையை உருட்டலாம், புரட்டலாம், கோழி ஒன்றும் சொல்லாது. ஆற்று ஆமை முட்டை அப்படியில்லை. மணலுக்குள் வைத்த கொஞ்ச நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குப்பின் முட்டையைத் தலைகீழாக வைத்தால், அதன் மஞ்சள் கருவே அதன்மேல் விழுந்து அமுக்கிக் கொன்றுவிடும். அதனால்தான் இடம் மாற்றும்போது குழியில் இருந்த நிலையிலேயே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள். முட்டை புதிதாக இருந்தால் உச்சியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும், அதை வைத்தாவது கண்டுபிடிக்கலாம். இவை மூன்று வாரத்து முட்டைகள். முழுக்க வெளுத்துவிட்டன. கோடு போனால் போனதுதான்.

தரகரம்மா என்பது, ஆற்றங்கரையில் ஆமை முட்டைக்குக் காவல் இருக்கும் ஆமைக்காரி வைத்த பெயர். ஆளையும் வேலையையும் பொருத்தம் பார்த்துச் சேர்த்துவைப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? உலகத்துக்கு நல்லது செய்ய வேண்டும் என்று கிளம்பி வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இயற்கை என்றால் எனக்கு உயிர் என்பார்கள். நாலு கொசு கடித்தால் அதே உயிர் போகிற மாதிரி கத்துவார்கள். ஓயாமல் பேசுகிறவரைப் பறவை எண்ண அனுப்பக் கூடாது. முதுகுவலிக்காரரைக் களை பிடுங்க அனுப்பக் கூடாது. படம் எடுத்துக்கொள்ள வருகிறவரைக் கன்று நடும் இடத்துக்குத் தாராளமாக அனுப்பலாம், குழி தோண்ட மட்டும் வேறு ஆள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அட்டையைப் பார்த்தாள் என்றால் ஆளை எடைபோட்டுவிடுவாள். அவள் அனுப்பிய ஆள் சரியில்லை என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு.

அவள் வீட்டுக்காரருக்கும் ஓர் அட்டை போட்டது நேற்றுதான். பீங்கான் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பேக்கிங் பிரிவில் இருந்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். அன்றிலிருந்து மனிதர் வீட்டை பேக்கிங் பிரிவாக்கிவிட்டார். டப்பாக்களை உயரவாரியாக நிறுத்துவார். அவள் கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னாலாவது திருப்பி நாலு வார்த்தை சொல்லலாம். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினாள்.

அப்போதுதான் ஆமைக்காரியிடமிருந்து போன் வந்தது. மேலே அணையைத் திறக்கப்போகிறார்கள், மணல்திட்டு மூழ்கிவிடும், ஏழு குழி முட்டையையும் எடுத்து மேட்டில் இருக்கிற பம்ப் அறைக்கு மாற்றவேண்டும், ஐந்து பேர் வேண்டும், அதில் ஒருவர் பெட்டியில் அடுக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். தரகரம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உடையும் பொருளை உடையாமல் அடுக்குவதற்கு இவரைவிட ஆள் உண்டா? அவரும் வீட்டைவிட்டு ஒரு நாள் வெளியே போவார். இந்த இரண்டில் எதற்காக அவரை முதலில் நினைத்தாள் என்று அவளைக் கேட்டால் அவளே திணறிப்போவாள்.

முட்டையைத் தொடப்போகிற ஒவ்வொருவருக்கும் ஏழு வரித் தாள் ஒன்றை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டவேண்டும். தொடுகிறவர் ஒரு கையெழுத்து, படித்துக் காட்டியவர் ஒரு கையெழுத்து. இந்த ஏற்பாடே தரகரம்மா கொண்டுவந்ததுதான். மற்ற நான்கு பேரான இரண்டு கல்லூரி மாணவிகளுக்கும், ஓய்வுபெற்ற தபால்காரருக்கும், ஒரு பல் டாக்டருக்கும் அலுவலகத்தில் வைத்துப் படித்தாள். பல் டாக்டரை ஆறாவது வரியைத் திருப்பிச் சொல்லவைத்து அவர் முகம் சிவந்ததுகூட உண்டு. வீட்டுக்காரருக்கு? சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்து, பேனாவைக் கையில் திணித்தாள்.

"என்ன தாள் இது?" என்று கேட்டார்.

"நாளைக்குப் போறீங்கல்ல, அதுக்கு. முட்டையை உடையாம அடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா? போடுங்க கையெழுத்தை."

"படிச்சுட்டுப் போடறேனே. கண்ணாடியை எங்க வச்சேன்..."

"எல்லாம் நீங்க இருபத்தாறு வருஷம் பண்ணின வேலைதான். எனக்குப் பாத்திரம் கிடக்கு, சீக்கிரம்."

அவர் சிரித்துக்கொண்டே போட்டார். எட்டு மாதத்தில் முதல்முறையாக, உங்களுக்குத் தெரியாததா என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள் அவரை. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுப் பத்திரத்தை நீட்டியிருந்தால்கூடக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவளும் கீழே, படித்துக் காட்டினேன் என்ற இடத்தில், கிறுக்கினாள்.

அந்தத் தாள்தான் இப்போது செயலாளரின் கையில் இருந்தது. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்தவர், விஷயம் தெரிந்ததும் முதலில் செய்தது கோப்பைத் தேடி அந்தத் தாளை எடுத்ததுதான். முட்டைகள் எப்படி இருக்கின்றன என்று அவர் கேட்கவேயில்லை.

"நல்லவேளை, தாள் சரியா இருக்கு" என்றார். "அவர் கையெழுத்து இருக்கு, அம்மா கையெழுத்தும் இருக்கு. ஆள் அனுப்பற பக்கம் ஒரு தப்பும் இல்ல. அப்புறம் பாருங்க, இடத்துல மேற்பார்வை யாரு? நீங்கதான்."

ஆமைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் தோள்வரைக்கும் குழிக்குள்ள கையை விட்டுக் குப்புறப் படுத்திருந்தேன் சார். ஒவ்வொண்ணா எடுத்துக் கோடு போட்டு, தட்டுல வச்சு மேல அனுப்பினேன். அவர் அடுக்கின வேன் எங்க நிக்குது? மேல ரோட்டுல. கொட்டற மழையில எந்தக் கண்ணால அங்க பாக்கறது?"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அனுமதி குடுத்த ஆபீஸுக்கு நான் நாளைக்கே அறிக்கை குடுக்கணும். யாரோ ஒருத்தரைப் பொறுப்பாக்கி, அவரை நிறுத்திட்டோம்னு எழுதினாத்தான் அடுத்த வருஷம் நம்மளை ஆத்துப் பக்கமே விடுவாங்க."

"ஒன்பது வருஷம்" என்றாள் ஆமைக்காரி. குரல் உயரவில்லை. "ஒன்பது வருஷமா நாயும் நரியும் தோண்டாம ராத்திரி பகலா உக்காந்திருக்கேன். நீங்க ஒரு தாளைக் காட்டி என்னை நிறுத்தப்போறீங்க."

பிறகு அவள் தரகரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. ஆறாவது வரி. அதை அவருக்குப் படிச்சுக் காட்டினியா இல்லையா?"

செயலாளர் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணி மேசைமேல் கிடந்தது. அடுக்கில் முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள் இருந்தன, ஒவ்வொன்றும் அவள் கையெழுத்தில். இல்லை என்று சொன்னால் இத்தனையும் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வாய் திறக்கவில்லை, ஆட்டினாள், அவ்வளவுதான்.

ஆமைக்காரி வாசல் பக்கம் திரும்பினாள்.

"நேரா உன் வீட்டுக்குப் போய் அண்ணனைத்தான் கேக்கலாம்னு கிளம்பினேன். பாதி வழியில, உன்னைக் கேட்டுட்டுப் போவோம்னு இங்க ஏறினேன். சொல்லியும் துடைச்சிருக்காருன்னா அந்த ஆள்கிட்ட எனக்கு இனிமே என்ன பேச்சு? நான் பம்ப் அறைக்குப் போறேன். கதவைச் சாத்திட்டு ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சுப் பாக்கறேன். எந்தப் பக்கம் நிழல் தெரியுதோ அந்தப் பக்கம்தான் மேல. ஏதாவது தேறினாத் தேறட்டும்."

இறங்கிப் போகும்போது படியில் அந்தத் திடுதிடு சத்தம் இல்லை. அதுதான் தரகரம்மாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. செயலாளர்மேல் கோபம், தாளைத் தூக்கிக்கொண்டு வந்த வேகத்துக்கு. ஆமைக்காரிமேல் கோபம், அத்தனை பேர் முன்னால் கேட்டதற்கு. அத்தனை பேர் என்ன, செயலாளர் ஒருவர்தான் இருந்தார். கோபத்துக்குக் கணக்கா தெரியும்? குடை காற்றில் மடங்கியதற்குக் குடைமேல் கோபம். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் இறக்கலாம் என்று நடந்தாள்.

அவர் மேசையில் ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் எடுத்துவைத்து, இரண்டு தட்டையும் ஒரே இடைவெளியில் வைத்துக் காத்திருந்தார். முகம் பூரித்துக் கிடந்தது.

"வா, வா. இருநூத்தி மூணு! ஒண்ணுல கீறல்கூட விழலை. அந்தப் பல் டாக்டர் அசந்துட்டாரு, எப்படிங்க இவ்வளவு வேகமா..."

"கோட்டை ஏன் துடைச்சீங்க?"

"எந்தக் கோடு?"

"பென்சில் கோடு! ஒவ்வொரு முட்டையிலயும் இருந்துச்சே, கண்ணு தெரியல?"

"அதுவா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "பென்சில் கோட்டோட எதையும் பெட்டிக்குள்ள விடக் கூடாதே. செக் பண்ணிட்டேன்னு செக்கர் போடற கோடு அது. பேக்கர்தான் துடைக்கணும். கோட்டோட ஒரு கப் போயிட்டாலும் மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துடும். ஒரு தடவைகூட எனக்குத் திரும்பி வந்ததில்ல."

"கப்பாங்க அது? உயிரு! நீங்க துடைச்ச துடைப்புல அத்தனையும் செத்துச்சு! அவ வேலையும் போகப்போகுது. உங்க கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? கண்டதையும் துடைக்கணுமா? வீட்டுல இருக்கறது பத்தலைன்னு ஆத்துல இருக்கறதையும் துடைக்கணுமா?"

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"துடைச்சதாலயா? அழுத்திக்கூடத் துடைக்கலையே. ஈரத்துணியால லேசா... நான் எடுத்து எப்படி வச்சேன்னா..."

"போதும்! நீங்க எப்படி வச்சீங்கன்னு எவளுக்கு வேணும்? பேசாதீங்க. ஒண்ணும் பேசாதீங்க."

உருளைக்கிழங்கு ஆறிப்போனது. அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாளே தவிர வாயில் போடவில்லை.

"அந்தத் தாள்ல இருந்துச்சா?" என்று கடைசியில் கேட்டார். "துடைக்கக் கூடாதுன்னு?"

"இருந்துச்சு."

"மத்த நாலு பேருக்கும் படிச்சுக் காட்டினியாமே. வேன்ல சொல்லிச் சிரிச்சாங்க, பல் டாக்டரையே ஒப்பிக்க வச்சுட்டாங்கன்னு. எனக்கு மட்டும் ஏன் காட்டலை?"

"உங்களுக்குப் போய் என்னத்தைப் படிக்கறது? பொண்டாட்டி புருஷனை உக்காரவச்சுப் பாடம் நடத்தணுமா?" அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "உண்மையைச் சொல்லட்டுமா? உங்களை இந்த வீட்டைவிட்டு ஒரு நாள் வெளிய அனுப்பினாப் போதும்னு இருந்துச்சு எனக்கு. எட்டு மாசம்! நான் கழுவின தட்டை நீங்க துடைக்கற சத்தம் தூக்கத்துலகூடக் கேக்குது. போதுமா?"

அவர் தலையை அசைத்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"சரி. ஒண்ணு பண்ணலாம். நீ படிச்சுக் காட்டினே, நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிடறேன். உனக்கும் ஒண்ணும் வராது, அந்தம்மா வேலையும் போகாது. எனக்கு என்ன, வேலையா இருக்கு போறதுக்கு?"

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. ஊர்ப்பட்ட வார்த்தையை அள்ளிக் கொட்டியவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் படாரென்று போட்டாள். கோபம் நல்ல மறைப்பு. அதன் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம், பயத்தைக்கூட.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. மணல்திட்டு இருந்த இடத்தில் செம்மண் நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. திட்டின் அடையாளமாக நட்டிருந்த மூங்கில் கம்பின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நடுங்கியது. முட்டைகளை எடுக்காமல் விட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும். எடுத்தும் என்ன ஆயிற்று?

பம்ப் அறைக்குள் எண்ணெய் வாடையும் ஈரமணல் வாடையும் கலந்து அடித்தது. சிமெண்டுத் தரையில் ஐந்து பெட்டிகள். ஆமைக்காரி ஒரு கோணியை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள், நேற்றைய சேற்றோடு அதே உடையில். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் டார்ச் கிடந்தது. கணவனும் மனைவியும் உள்ளே வந்ததைப் பார்த்தும் அவள் எழவில்லை. வீட்டுக்காரரை அவள் பார்க்கவேயில்லை.

செயலாளர் அறிக்கைத் தாள்களைப் பம்பின்மேல் பரப்பி வைத்திருந்தார். வீட்டுக்காரர் நேராக அவரிடம் போய், ராத்திரி மனப்பாடம் செய்ததைச் சொன்னார்.

"என் மேலதான் தப்பு சார். இவ எல்லாம் படிச்சுக் காட்டினா. நான்தான் வேலை மும்முரத்துல மறந்துட்டேன்."

செயலாளரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! "அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. தன்னார்வலரோட மறதின்னா வேற விஷயம். அங்கயும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. யாரையும் நிறுத்த வேண்டியதில்ல." ஆமைக்காரியைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "அம்மா, ஒரே ஒரு வேலை. இவர் அட்டையில, இனி எந்தப் பணிக்கும் பொருத்தமற்றவர்னு எழுதி ஒரு கையெழுத்து. அதையும் கூட வச்சு அனுப்பிடலாம்."

அட்டையையும் பேனாவையும் நீட்டினார். தரகரம்மா வாங்கிக்கொண்டாள். இருபத்தாறு வருட அனுபவம், உடைசல் இல்லை என்று இரண்டு நாளைக்கு முன்னால் அவள் கையாலேயே எழுதிய அட்டை.

"எழுது" என்றார் வீட்டுக்காரர். பிறகு கொஞ்சம் தயங்கி, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லாச் சத்தமும் சுவரில் மோதித் திரும்பியது. "அதுக்கு முன்னாடி அந்தத் தாளை எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டிடேன். நான் எதை மறந்தேன்னாவது எனக்குத் தெரியணுமில்ல?"

ஆமைக்காரியின் தலை நிமிர்ந்தது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"படிடி" என்றாள் ஆமைக்காரி.

தரகரம்மா தாளை எடுத்தாள். எண்ணற்ற தடவை படித்த ஏழு வரிகள். கையில் எண்ணெயோ சோப்போ இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு முட்டைதான் எடுக்கவேண்டும். வெயில் படக் கூடாது. குலுக்கக் கூடாது. பெட்டியில் மணல் ஈரமாக இருக்கவேண்டும். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்று ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். ஆறாவதுக்கு வந்தாள்.

"முட்டைக்குள் கரு மேல்பக்கமாக ஒட்டியிருக்கும். புரட்டினால் இறந்துவிடும். பென்சில் கோடு உள்ள பக்கம் எப்போதும் மேலே இருக்கவேண்டும். கோட்டை அழிக்கக் கூடாது."

"இரு, இரு" என்றார் அவர். "புரட்டினாத்தான் சாகுமா? துடைச்சா இல்லையா?"

"துடைச்சா எது மேல்பக்கம்னு தெரியாமப் போயிடும்ல. அதனாலதான்..."

"தெரியாம எப்படிப் போகும்? மேல்பக்கம் மேலதானே இருக்கு!" அவர் முகத்தில் நிம்மதி பரவியது. ஆமைக்காரியைப் பார்த்து வேகவேகமாகச் சொன்னார். "நான் எதையும் புரட்டலைம்மா. பீங்கானைக் கையில வச்சுப் புரட்டவே கூடாது, நழுவிடும். எந்தப் பக்கமா கைக்கு வருதோ அந்தப் பக்கமாவே இறக்கணும். அதுதான் முதல் நாள் சொல்லிக்குடுக்கற பாடம். தட்டுல கோடு மேல இருந்துச்சு, மேல துடைச்சேன், அப்படியே பெட்டிக்குள்ள இறக்கினேன். எல்லாம் நீங்க குடுத்த மாதிரியேதான் இருக்கு. ஒண்ணுகூட மாறலை. எடுத்துப் பாருங்களேன்."



ஆமைக்காரி கோணியிலிருந்து எழுந்தாள். முதல் மூன்று பெட்டிகளின் பக்கம் போனாள். மூடியைத் திறக்கவில்லை. பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மூணையும் நேத்தே எடுத்துட்டேன்" என்றாள். "எல்லாம் கலைஞ்சுதான் கிடக்குன்னு நினைச்சேன். ஒவ்வொண்ணா டார்ச் மேல வச்சு, நிழல் தெரியுதான்னு இப்படியும் அப்படியும் உருட்டி உருட்டிப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. ஏதோ குத்துமதிப்பா வச்சேன். நாலாவது பெட்டிக்கு வரும்போது டார்ச்சுல பேட்டரி தீந்துபோச்சு."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது ஒன்றும் இல்லை, அவர் இன்னும் கணக்கைப் புரிந்துகொண்டிருந்தார்.

ஆமைக்காரிக்கு எப்போதோ புரிந்துவிட்டது. தரகரம்மாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நேத்து மூணு மணிக்கு நீ 'படிக்கலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மூணரைக்கு நான் அண்ணன் முன்னாடி நின்னிருப்பேன். எப்படி வச்சீங்கன்னு கேட்டிருப்பேன். இதே பதிலைச் சொல்லியிருப்பாரு. நான் தொட்டிருக்கவே மாட்டேன்டி. என் கையாலயே பண்ண வச்சுட்டியே! ஒன்பது வருஷம் காவல் காத்த கையாலயே!"

அடிப்பாள் என்று தரகரம்மா நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். ஆமைக்காரி அடிக்கவில்லை. திரும்பி, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தாள்.

"அண்ணே, அந்த ரெண்டு பெட்டியும் நீங்க இறக்கின மாதிரியே இருக்கு. உச்சியில ஒவ்வொண்ணுக்கும் கோடு போடுங்க. எடுக்கவேண்டாம், இருக்கற இடத்துலயே போடுங்க."

அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். மூடியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் முட்டையில் கோடு போட்டார். தரகரம்மா உதவிக்குக் குனிந்தாள்.

"நீ வேண்டாம்" என்றாள் ஆமைக்காரி. "நீ தொடாத."

செயலாளர் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. இப்பவும் ஒண்ணும் மாறலை. அவர்தான் மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டாரே. அப்படியே எழுதிடலாம். எல்லாருக்கும் நல்லது. அட்டையைக் குடுங்க."

நேற்றிலிருந்து குடைமேலும் படிமேலும் தட்டுமேலும் வீட்டுக்காரர்மேலும் இறக்கிக்கொண்டிருந்த கோபமெல்லாம் அப்போதுதான் வழி கண்டுபிடித்தது.

"எல்லாருக்கும் நல்லதா? யாருக்கு சார் நல்லது? உங்களுக்கும் எனக்கும் நல்லது!" அவள் கத்திய கத்தலில் வீட்டுக்காரரின் பென்சில் அந்தரத்தில் நின்றது. "அவர் எதையும் மறக்கலை. மறக்கறதுக்கு நான் எதையாவது சொல்லியிருக்கணும். நான் படிக்கலை. படிச்சேன்னு கையெழுத்துப் போட்டேன். நேத்து இவ கேட்டப்ப தலையை ஆட்டினேன். உங்க முன்னாடிதான் ஆட்டினேன், நீங்களும் அது போதும்னு இருந்தீங்க. நகருங்க."

"அம்மா, இப்படி எழுதினா உங்களை வச்சுக்க முடியாது. யோசிச்சுக்குங்க."

"நகருங்கன்னு சொன்னேன்."

அட்டையை இரண்டாகக் கிழித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அறிக்கைத் தாளை இழுத்துப் பம்பின்மேல் வைத்து, நின்றபடியே எழுதினாள். தன்னார்வலருக்கு விதிமுறைகளை நான் படித்துக் காட்டவில்லை. காட்டியதாகப் பொய்யாகக் கையெழுத்திட்டேன். கேட்டபோதும் உண்மையை மறைத்தேன். முட்டைக் காவலர்மீதும் தன்னார்வலர்மீதும் எந்தத் தவறும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது. பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்ட மாதிரிகூட ஒரு நொடி இருந்தது.

ஆமைக்காரி பக்கத்தில் வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, எழுதியதை முழுக்கப் படித்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள்.

"எண்ணிக்கையைப் போடலையே" என்றாள். "மூணு பெட்டி. நூத்தி இருபத்திமூணு. அதையும் எழுது."

தரகரம்மா பேனாவை மறுபடி எடுத்தாள்.